ஒட்டுக்கேட்ட பாட்டு

2002 செப்டம்பரில் நியூயார்க்கின் செல்சீ பகுதியில் ஒருவர் தெருவோரம் பழைய சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். கனடாவின் மாண்ட்ரியலிலிருந்து வந்திருந்த இசைத்தட்டுப் பிரியர் ஒருவர் அந்தக் குவியலைக் கிளறி, ஒரு கறுப்புத் தட்டை 75 சென்ட் கொடுத்து வாங்கினார். அட்டைப்படம் கிடையாது. நடுவில் ஒட்டியிருந்த சீட்டில் டால்ஃப் என்ற பெயரும் 1966 ஏப்ரல் 25 என்ற தேதியும் கையால் எழுதியிருந்தன. நான்கு வருஷம் கழித்து அதே தட்டு இணைய ஏலத்துக்கு வந்தது. யாரோ 1,55,401 டாலர் கேட்டுவிட்டுக் கம்பி நீட்டினார். மறுபடி ஏலம் விட்டபோது 25,200 டாலருக்குப் போனது.

அந்தத் தட்டில் இருப்பது வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் குழுவின் முதல் ஆல்பத்துக்கான ஆரம்பப் பதிவுகள், 9 பாட்டுகள். இண்டி ராக் என்று இன்று நாம் சொல்லும் வகையறாவுக்கெல்லாம் தாய்வீடு எது என்று கேட்டால் பெரும்பாலோர் இந்தக் குழுவைத்தான் காட்டுவார்கள். இத்தனைக்கும் இவர்கள் எம்.ஜி.எம். என்ற பெரிய கம்பெனியின் வெர்வ் லேபிளில் பாடியவர்கள். பெற்ற தாய் பங்களாவில் இருந்தாலும் பிள்ளைகள் குடிசையில் வளர்ந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதிரித் தட்டுக்கு ஆங்கிலத்தில் அசிட்டேட் என்று பெயர். பெயர் வைத்தவர் வேதியியல் தெரியாதவர் போலிருக்கிறது, அதில் அசிட்டேட் கிடையாது. அலுமினியத் தகட்டின்மேல் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் மெருகைப் பூசி, ஊசியால் நேராகக் கீறி எடுப்பது. கடைக்கு வரும் தட்டுகளை அச்சு வைத்து ஆயிரக்கணக்கில் அழுத்தி எடுப்பார்கள். இது அப்படியில்லை, ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டியது. ஸ்டூடியோவில் பாடியது எப்படி வந்திருக்கிறது என்று நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதோடு அதன் ஆயுள் முடிந்தது. பூச்சு மிருதுவானது என்பதால் ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் இசையைச் சுரண்டிக்கொண்டு போகும். கேட்கக் கேட்கத் தேயும் தட்டு. அந்த மெருகுக்குத் தொழிலில் லாக்கர் என்று பெயர். அந்தச் சொல்லைத் தோண்டிக்கொண்டே போனால் போர்ச்சுகீசியம் வழியாக லாக்ஷா என்ற வடசொல்லில் வந்து முட்டும். நம் அரக்குதான். பாண்டவர்களுக்குக் கட்டிய மாளிகையில் பூசிய அதே சமாசாரம். வினைல் வருவதற்கு முன்னால் உலகம் முழுக்கச் சுழன்ற 78 வேகத் தட்டுகளும் நம் நாட்டுக் காடுகளில் பூச்சிகள் கக்கிய அரக்கைக் கொண்டு செய்தவைதான். 1942இல் போர்க்காலத் தட்டுப்பாட்டில் அமெரிக்க அரசு இசைத்தட்டுக்கு அரக்கு பயன்படுத்துவதை 70 சதவீதம் வெட்டியது.

ஓர் அரிய பதிவு எப்படி உண்டாகிறது, எந்தெந்தக் கைகளில் புரண்டு வருகிறது என்று பார்த்தால், கதை ராக்கில் தொடங்கவே இல்லை. 1900 மார்ச்சில் லயனல் மேப்பிள்சன் என்பவர் எடிசன் ஃபோனோகிராஃப் ஒன்றை வாங்கினார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபெராவில் அவர் நூலகர். பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் ஸ்வரத்தாள் எடுத்துக் கொடுத்து, திருப்பி வாங்கி அடுக்குவது வேலை. கையில் புது இயந்திரம், காதில் உலகத்தின் சிறந்த குரல்கள், சும்மா இருப்பாரா? பாடகர் வரி மறந்தால் அடியெடுத்துக் கொடுக்க மேடை விளிம்பில் ஒருவர் ஒளிந்திருக்கும் பொந்து உண்டு. முதலில் அதற்குள் இயந்திரத்தைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு மேடைக்கு மேலே, திரைச்சீலைகளை ஏற்றி இறக்கும் ஆட்கள் நடக்கிற மரப்பாலத்துக்கு ஏறிவிட்டார். பெரிய கூம்பு ஒன்றைக் கீழே பாடுபவர்கள் தலைக்கு நேராகக் காட்டியபடி 1903 வரை மெழுகு உருளைகளில் பதிந்தார். ஓர் உருளைக்கு இரண்டு, மூன்று நிமிஷம்தான். பாட்டு உச்சத்தைத் தொடும் நேரத்தில் உருளை தீர்ந்துபோகும்.

கேட்டால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும், மேலே அடைமழை மாதிரி இரைச்சல். ஆனாலும் ழான் த ரெஷ்கே என்ற அக்காலத்து மாபெரும் பாடகரின் குரல் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள இந்த உருளைகளை விட்டால் வழியில்லை. கச்சேரியில் எழுந்த கைதட்டலையும் பாட்டையும் சேர்த்துப் பிடித்த ஆரம்பகாலப் பதிவுகள் இவை. விற்பதற்காக அவர் பதியவில்லை. தான் கேட்டதை மறுபடி கேட்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். பின்னால் வந்த அத்தனை பேருக்கும் இந்த நூலகர்தான் பாட்டன்.

இடையில் ஜெர்மனியில் ஒரு விஷயம் நடந்துகொண்டிருந்தது. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஏ.இ.ஜி. கம்பெனி காந்த நாடாவில் பதியும் கருவியை வைத்தது. போர் முடிந்ததும் ஜாக் முல்லின் என்ற அமெரிக்கப் படைப் பொறியாளர் அப்படி இரண்டு கருவிகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஊருக்கு அனுப்பினார். அங்கே பிங் கிராஸ்பி என்ற பாடகருக்கு ஒரு பிரச்சினை. வானொலி நிகழ்ச்சியை வாராவாரம் நேரில் வந்து நடத்த அவருக்கு இஷ்டமில்லை, கோல்ஃப் விளையாடப் போக வேண்டும். முன்கூட்டியே பதிந்து வைக்க நாடா வாய்த்தது. ஆம்பெக்ஸ் கம்பெனி அந்த ஜெர்மன் கருவியைப் பார்த்துத் தன் கருவியைச் செய்தது. கிராஸ்பி 50,000 டாலர் முதல் போட்டார். ஒரு பாட்டுக்காரரின் கோல்ஃப் ஆசை இல்லையென்றால் அமெரிக்க ஸ்டூடியோக்களுக்குள் நாடா நுழைய இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ.

1947இல் லாஸ் ஏஞ்சலஸின் ஹை டி ஹோ கிளப்பில் ஓர் இளைஞர் தட்டு வெட்டும் கருவியைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். பெயர் டீன் பெனடெட்டி, அவரும் சாக்ஸபோன்காரர். சார்லி பார்க்கர் வாசிக்கத் தொடங்கினால் கருவி ஓடும். பார்க்கர் நிறுத்தி அடுத்தவர் ஆரம்பித்தால் பெனடெட்டி கருவியை அணைத்துவிடுவார். மற்றவர்கள் வாசித்தால் என்ன, வாசிக்காவிட்டால் என்ன! அடுத்த வருஷம் நியூயார்க்கில் காகித நாடாவோடு தொடர்ந்தார். 1957இல் அவர் இறந்துபோக, பதிவுகள் இருக்கின்றனவா இல்லையா என்பதே ஜாஸ் உலகில் கட்டுக்கதை ஆகிவிட்டது. 1980களின் இறுதியில் அவருடைய சகோதரரிடமிருந்து பெட்டி வெளிவந்தது. 1990இல் மொசைக் கம்பெனி 7 சிடிகளாக அதை வெளியிட்டது. முதலும் முடிவும் இல்லாத பாட்டுகள், நடுவில் பார்க்கரின் மூச்சு மட்டும். ரசிகன் என்ற ஜீவன் எதைக் கேட்கிறான் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

இப்போது 1955. சரோத் மேதை அலி அக்பர் கான் நியூயார்க்கில் ஒரு லாங்பிளே தட்டுப் பதிந்தார். முன்னுரை பேசியவர் வயலின் மேதை யெஹூதி மெனுஹின். அந்தத் தட்டு லா மான்ட் யங் என்ற இளம் அமெரிக்க இசைஞர் கைக்குக் கிடைத்தது. எல்லோரும் சரோதைக் கேட்டால் அவர் காது பின்னால் ஓயாமல் ஒலித்த தம்புராவில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரே சுருதி இத்தனை நேரம் நிற்க முடியுமா! பிறகு நியூயார்க்கில் குழு சேர்த்து, மணிக்கணக்கில் ஒரே ஸ்வரக்கூட்டை நிறுத்தி வாசிக்க ஆரம்பித்தார். 1963இல் வேல்ஸ் நாட்டுச் சுரங்கப் பகுதியிலிருந்து உதவித்தொகையில் வந்திருந்த ஜான் கேல் அந்தக் குழுவில் சேர்ந்தார். வயோலாவின் குதிரையை ராவித் தட்டையாக்கினார், ஒரே வில்லில் பல தந்திகளும் பேச வேண்டும் என்பதற்காக. வயோலாத் தந்தியைக் கழற்றிவிட்டு கிட்டார் தந்தியை மாட்டினார். ஒலிபெருக்கியில் இணைத்தால் காதைத் துளைக்கும். தம்புராவின் தூரத்துச் சொந்தம் என்று சொன்னால் நம் பாகவதர்கள் சண்டைக்கு வருவார்கள், ஆனால் வம்சாவளி அதுதான்.

ஊரின் இன்னொரு மூலையில் லூ ரீட் கூலிக்குப் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். வேலை பிக்விக் என்ற கம்பெனியில். அந்தந்த மாதம் எது ஹிட்டோ அதே சாயலில் நாலு பாட்டுத் தட்டி, மலிவு விலைத் தட்டாக்கிக் கடையில் தள்ளும் நகல் பட்டறை அது. நெருப்புக்கோழி இறகு ஃபேஷன் ஆகப்போகிறது என்று படித்துவிட்டு 1964இல் நெருப்புக்கோழி என்ற பெயரில் ஒரு நடனப் பாட்டு எழுதினார். அதில் கிட்டாரின் எல்லாத் தந்திகளையும் ஒரே ஸ்வரத்துக்கு முறுக்கி வைத்து வாசித்தார். பாட்டு கொஞ்சம் எடுபடும்போலத் தோன்றியதும் கம்பெனிக்கு அவசரமாக ஒரு குழு தேவைப்பட்டது. தட்டில் போட்ட பெயரில் உண்மையில் குழுவே இல்லையே! ஒரு விருந்தில் நீள முடியோடு நின்ற ஜான் கேலையும் அவர் நண்பர் டோனி கான்ராடையும் பார்த்து, ராக் குழு ஆட்கள் மாதிரி இருக்கிறார்கள் என்று பிடித்துக்கொண்டு வந்தார்கள். பயப்படாதீர்கள், எல்லாத் தந்தியும் ஒரே ஸ்வரம்தான் என்று சொன்னதும் இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. தாங்கள் லா மான்ட் யங்கோடு பெரிய தவமாகச் செய்துகொண்டிருந்ததை இங்கே ஒருவர் சல்லி விலைப் பாட்டுக்குச் செய்துவைத்திருக்கிறார். முடி குட்டையாக இருந்திருந்தால் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் இல்லை.

ரீடும் கேலும் 1965 மே மாதம் சில பாட்டுகளை நாடாவில் பதிந்தார்கள். ரீட் அதை ஓர் உறையில் இட்டு ஒட்டி, பெற்றோர் வீட்டு விலாசத்துக்குத் தன் பெயருக்கே தபாலில் அனுப்பினார். தபால் முத்திரை மே 11. பாட்டு இன்ன தேதியில் என்னிடம் இருந்தது என்பதற்கு அரசாங்க முத்திரையே சாட்சி. பதிப்புரிமைக்குப் பணம் கட்ட முடியாதவர்கள் செய்யும் வித்தை, சட்டப்படி பெரிய பலன் எதுவும் கிடையாது. உறையைத் திறந்தால் சாட்சி செல்லாது என்பதால் அவர் திறக்கவே இல்லை. அந்த உறைக்குக் கடைசியில் வருகிறேன்.

ஸ்டெர்லிங் மாரிசன் கிட்டாரோடு சேர்ந்தார். மோ டக்கர் முரசுக்கு வந்தார். பகலில் ஐ.பி.எம். இயந்திரத்தில் அட்டைக்குத் துளை போடும் வேலை பார்த்த பெண் அவர். நைஜீரியாவின் முரசுக் கலைஞர் ஓலாதுஞ்சியின் தட்டுகளைக் கேட்டுக் கேட்டு வாசிக்கக் கற்றவர். எல்லோரும் உட்கார்ந்து அடிக்கிறார்கள். இவர் பெரிய முரசைப் படுக்கவைத்து, நின்றபடி, பஞ்சுத்தலைக் கோலால் அடித்தார். ஜால்ராத் தட்டுகளைப் பெரும்பாலும் தொடவில்லை. ஒருமுறை முரசுகள் திருட்டுப்போக, தெருவிலிருந்து குப்பைத் தொட்டிகளைக் கொண்டுவந்து வைத்து அடித்தார். இந்தக் குழுவின் வாசிப்பில் வித்தை இல்லை என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. தேவையில்லாததை விட்டுவிடுவதும் வித்தைதான் என்பது என் கட்சி. வேகமாக வாசிக்க ஆயிரம் பேர் இருந்தார்கள், 15 நிமிஷம் ஒரே அடியைப் பிசகாமல் நிறுத்த எத்தனை பேர்?

1966 ஏப்ரலில் ஓவியர் ஆண்டி வார்ஹாலின் ஆதரவில் செப்டர் ஸ்டூடியோவில் பதிவு. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியின் விற்பனைப் பிரிவிலிருந்த நார்மன் டால்ஃப் செலவில் ஒரு பங்கைப் போட்டார். கூலியாக அவருக்குக் கிடைத்தது ஒரு வார்ஹால் ஓவியம். கொலம்பியாவிலேயே வேலை முடிந்த நேரத்தில் ஓர் அசிட்டேட் வெட்டி வாங்கித் தன் கம்பெனியின் மேலிடத்துக்குக் காட்டினார். வேண்டாம் என்று திரும்பி வந்தது. மே மாதம் ஹாலிவுட்டில் சில பாட்டுகளைத் திரும்பப் பதிந்து, 1967 மார்ச்சில் வெர்வ் வெளியிட்டது. அந்த ஏப்ரல் வடிவங்கள்தான் 36 வருஷம் கழித்து 75 சென்ட்டுக்கு விற்ற தட்டில் இருந்தவை. பதிவு நடந்த கட்டடத்தில் பிற்பாடு ஸ்டூடியோ 54 என்ற பளபள டிஸ்கோ வந்தது தனிக்கதை.

ஆல்பம் விற்கவில்லை. வாங்கிய சொற்பம் பேரும் ஆளுக்கொரு குழு தொடங்கிவிட்டார்கள் என்று பிரயன் ஈனோ என்ற இசைஞர் சொன்னதாக ஒரு வாசகம் தேய்ந்த தட்டு மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறது. பிற்பாடு கிடைத்த கணக்குச் சீட்டின்படி 1969 தொடக்கத்துக்குள் 58,000 பிரதிக்கு மேல் போயிருக்கிறது, அவ்வளவு மோசமில்லை. குழு தொடங்கியவர்களில் சந்தேகமில்லாத ஒருவரைக் காட்ட முடியும். பாஸ்டனில் டீ பார்ட்டி என்ற அரங்கில் இவர்களை எத்தனையோ முறை பார்த்த ஜொனாதன் ரிச்மன் என்ற பையன். மேடைக்குப் பின்னால் போய் ஸ்டெர்லிங் மாரிசனிடமே கிட்டார் கற்றுக்கொண்டு, பிறகு மாடர்ன் லவர்ஸ் குழுவை ஆரம்பித்தார். அவர்களுடைய ஆரம்பப் பதிவுகளைச் செய்துகொடுத்தவர் ஜான் கேல்.

அதே பாஸ்டன் அரங்கில் 1969 மார்ச் 15 அன்று ஒரு ரசிகர் மைக்கைக் கொண்டுபோய் லூ ரீடின் கிட்டார் ஒலிபெருக்கியிலேயே வைத்துவிட்டார். விளைவைக் கேட்டால் சிரிப்பு வரும். குரல் எங்கோ பக்கத்துத் தெருவில் கேட்கிறது, முரசு சுவருக்கு அப்பால். கிட்டார் மட்டும் தலைக்குள் புகுந்து உலுக்குகிறது. சமநிலை என்று பார்த்தால் படுமோசம். ஆனால் ரீடின் விரல் எங்கே இழுக்கிறது, இரைச்சலை எந்த இடத்தில் அவிழ்த்துவிடுகிறார், எங்கே கடிவாளம் போடுகிறார் என்று நுணுக்கமாகக் கேட்க இதற்கு இணை வேறு இல்லை. பெனடெட்டியின் பேரன் வேலை இது.

இத்தனை சுலபமாகக் கருவியைத் தூக்கிக்கொண்டு போக முடிந்ததற்குக் காரணம் ஒரு மரக்கட்டை. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் நகரில் ஃபிலிப்ஸ் தொழிற்சாலையில் இருந்த லூ ஒட்டன்ஸ், தன் கோட்டுப் பைக்குள் நுழையும் அளவுக்கு ஒரு மரத்துண்டு செதுக்கி, கருவி இதைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது என்றார். 1963இல் கேசட் பிறந்தது. மரக்கட்டை அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை. கார் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டுக்கொடுத்துத் தொலைந்துபோனது. ஜப்பானியர்கள் இதைப் பார்த்துத் தங்கள் பாணியில் செய்யத் தொடங்க, சோனி கொடுத்த நெருக்கடியில் ஃபிலிப்ஸ் காப்புரிமைக் கட்டணமே கேட்காமல் உலகத்துக்குத் திறந்துவிட்டது. அதனால்தான் கேசட் என்றால் எல்லா ஊரிலும் ஒரே அளவு.

அப்படி ஒரு சோனி கருவியோடு 1969இல் செயின்ட் லூயிஸிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வெல்வெட் மேடைக்கு எதிரே உட்கார்ந்தவர் ராபர்ட் க்வைன். சட்டம் படித்தவர், வக்கீலாக மனமில்லாதவர். ஒரே பாட்டு ஒரு நாள் 24 நிமிஷம், இன்னொரு நாள் 38 நிமிஷம் என்று நீள்வதை ராத்திரி ராத்திரியாகப் பதிந்தார். நம் ஊரில் ஒரே ராகத்தை ஒரு வித்வான் எந்த சபாவில் எவ்வளவு நேரம் பாடினார் என்று கணக்கு வைக்கும் ரசிகர்கள் இல்லையா, அந்த ரகம். கேட்டுக் கேட்டு அவர் வாசிப்பே மாறியது. பின்னாளில் அவரே பெரிய கிட்டார் கலைஞராகி, 1982இல் லூ ரீடின் ஆல்பத்தில் ரீடுக்குப் பக்கத்தில் நின்று வாசித்தார். அவருடைய பதிவுகள் 2001இல் 3 சிடிகளாக முறைப்படி வெளிவந்தன. ஒட்டுக்கேட்டவரைக் கூப்பிட்டு உட்காரவைத்த கதை.

1969 கோடையில் வேறொரு வாசல் திறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் இரண்டு இளைஞர்கள் பாப் டிலனின் வெளிவராத பதிவுகளைத் திரட்டி, வெள்ளை உறையில் ரப்பர் முத்திரை குத்தி, சொந்தமாகத் தட்டு அச்சடித்து விற்றார்கள். இதைத்தான் பூட்லெக் என்கிறோம். பூட்ஸின் கால்பகுதிக்குள் சாராயப் புட்டியைச் செருகிக் கடத்தியதிலிருந்து வந்த சொல், கள்ளச்சாராயத்தின் உடன்பிறப்பு. தட்டு சூடாக விற்றது. உடனே வேறு ஆட்கள் அந்தத் திருட்டுத் தட்டையே திருடி அச்சடித்தார்கள். திருடன் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பான்? அப்போது அமெரிக்க மத்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்குப் பதிப்புரிமையே கிடையாது, 1972 பிப்ரவரியில்தான் வந்தது.

வெல்வெட் விஷயத்தில் கம்பெனியே பூட்லெக்காரர் வேஷம் கட்டியதுதான் வேடிக்கை. 1970 ஆகஸ்ட் 23 இரவு மேக்ஸ் கேன்சஸ் சிட்டி என்ற மதுக்கூடத்தில் கச்சேரி. வார்ஹால் கூட்டத்தைச் சேர்ந்த பிரிஜிட் போல்க் மேஜைமேல் கேசட் கருவியை வைத்திருந்தார், எங்கே போனாலும் எதையாவது பதிவது அவர் வழக்கம். பாட்டுக்கு நடுவே மேஜைப் பேச்சும் நாடாவில் விழுந்தது. கவிஞர் ஜிம் கேரல் மது கொண்டுவரச் சொல்கிறார், தெளிவாகக் கேட்கிறது. அன்று இரவோடு லூ ரீட் குழுவை விட்டுப் போய்விட்டார் என்பது பிறகுதான் எல்லோருக்கும் உறைத்தது. லாங் ஐலண்டில் அப்பாவின் கணக்குப்பிள்ளை அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்குப் போய் உட்கார்ந்தார். 1972இல் அட்லாண்டிக் கம்பெனி அந்த மேஜைக் கேசட்டையே ஆல்பமாக வெளியிட்டது. ஒற்றைத் தடம், கண்ணாடிக் கோப்பைச் சத்தம், பேச்சு எல்லாவற்றோடும்.

கடல் தாண்டிய கதை இன்னும் விசித்திரம். 1968 வசந்தத்தில் நாடகாசிரியர் வாட்ஸ்லாவ் ஹாவல் தன் நாடகம் ஒன்று அரங்கேறுவதற்காக நியூயார்க் போயிருந்தார். பிராக் நகரம் திரும்பும்போது கொண்டுவந்த தட்டுகளில் வெல்வெட்டும் ஒன்று. ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் பிராகுக்குள் வந்தன. அந்த இலையுதிர் காலத்திலேயே மிலான் ஹ்லாவ்ஸா என்ற இளைஞர் பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யூனிவர்ஸ் குழுவைத் தொடங்கி வெல்வெட் பாட்டுகளை வாசித்தார். ஆங்கில வரிகளைப் பாட பால் வில்சன் என்ற கனடாக்காரர் சேர்ந்துகொண்டார். 1970இல் அரசு அவர்களுடைய தொழில் உரிமத்தைப் பறித்தது. கல்யாண வீட்டில், கிராமத்துக் களஞ்சியத்தில் என்று ஒளிந்து ஒளிந்து வாசித்தார்கள், நாடாக்கள் கைமாறின. 1976இல் இந்த வட்டாரத்தினரைக் கைதுசெய்து வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கைக் கண்டித்து எழுந்த முனைப்பு 1977 ஜனவரியில் சாசனம் 77 என்ற மனித உரிமை அறிக்கை ஆனது. எழுதியவர்களில் ஹாவல் ஒருவர். 1990இல் ஜனாதிபதி ஹாவலைப் பேட்டி காண லூ ரீட் பிராகுக்கு வந்தபோது ஹாவல் ஒரு சிறிய கறுப்புப் புத்தகத்தைக் கொடுத்தார். ரீடின் பாட்டு வரிகள் செக் மொழியில், ரகசியமாகக் கைவேலையில் செய்த பிரதி. வைத்திருந்து பிடிபட்டால் சிறை. நியூயார்க்கில் 75 சென்ட்டுக்குப் போன சரக்குக்கு பிராகில் அந்த விலை இருந்தது.

எழுபது எண்பதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தபால்தான் இந்த ரசிகர்களின் ரத்த ஓட்டம். காலி கேசட்டும் திரும்பத் தபால் தலையும் அனுப்பினால் பிரதி வரும். பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் ஏறும். ரெக்கார்டிங் கடையில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து 90 நிமிஷக் கேசட்டில் பதிந்து வாங்கிய நம்மவர்களுக்கு அந்தப் புஸ்ஸென்ற சத்தத்தை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இது மூலத்திலிருந்து எத்தனையாவது தலைமுறை என்பதுதான் முதல் கேள்வி. கோத்திரம் கேட்பது மாதிரி கேட்பார்கள்.

1985இல் கம்பெனி பழைய ஆல்பங்களை மறுபதிப்புச் செய்யக் கிடங்கைக் கிளறியபோது 1969இல் பதிந்து எம்.ஜி.எம். கிடப்பில் போட்ட ஒரு முழு ஆல்பத்துக்கான நாடாக்கள் அகப்பட்டன. ஆர்.இ.எம்., ஃபீலீஸ், யோ லா டெங்கோ போன்ற குழுக்கள் வெல்வெட் பாட்டுகளை மேடையில் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது, பசித்தவனுக்குப் பந்தி விரித்தாற்போல இருந்தது. கேலக்ஸி 500 என்ற பாஸ்டன் பக்கத்துக் குழு 1988இல் இழுவைப்படகு என்ற பெயரில் ஒரு பாட்டு வெளியிட்டது. என்ன படகு? ஸ்டெர்லிங் மாரிசன் இசையை விட்டுவிட்டு மத்தியகால இலக்கியத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்து, ஹூஸ்டன் துறைமுகத்தில் இழுவைப்படகுக் கேப்டனாகப் போய்விட்டார். பாட்டு அவரைப் பற்றியது.

அந்த 75 சென்ட் தட்டின் ஒலியை 2012இல் கம்பெனியே ஆல்பத்தின் ஆண்டுநிறைவுப் பெட்டியில் சேர்த்து வெளியிட்டது. கீறலோடு, பொரியல் சத்தத்தோடு. 46 வருஷத்துக்கு முன் தூக்கிப்போட்டதைக் காசாக்கிக்கொண்டார்கள்.

2013இல் லூ ரீட் இறந்தார். அவர் அலுவலகத்தைச் சுத்தம் செய்தபோது மேஜைக்குப் பின்னால் அலமாரியில் ஓர் உறை, பிரிக்காமலே. தபால் முத்திரை 1965 மே 11. காப்பகக்காரர்கள் கத்தி வைத்து மெதுவாகத் திறந்தால் உள்ளே நாடா நல்லபடியாக இருந்தது. 2022இல் வெளிவந்த அந்தப் பதிவில் கேல் சேர்ந்து பாட, ரீட் நாட்டுப்பாடகர் மாதிரி கிட்டாரை மீட்டிப் பாடுகிறார். குழு இன்னும் பிறக்கவில்லை. பின்னாளில் இரைச்சலில் முக்கி எடுத்த பாட்டுகள் அங்கே தாலாட்டு மாதிரி இருக்கின்றன. வெல்வெட்டைக் கேட்க ஆரம்பிப்பவர் இந்த நாடாவிலிருந்து தொடங்க வேண்டாம். முதலில் 1967 ஆல்பம், பிறகு க்வைன் பதிவுகள், கடைசியில் இது. அப்போதுதான் அந்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள் என்று காதுக்குத் தெரியும்.

ரீடின் காகிதங்களும் நாடாக்களும் 2017இல் நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தன. லிங்கன் சென்டரில் மெட்ரோபாலிட்டன் ஆபெராவை ஒட்டினாற்போல இருக்கிறது அந்தக் கட்டடம். மேப்பிள்சனின் மெழுகு உருளைகளையும் அங்கேதான் வைத்திருக்கிறார்கள்.